சாம்பல் அட்டையும் நான்கு பூக்களும்: வீட்டுக்குள் மேக்ரோ படமெடுத்த குறிப்புகள்

பூவைச் செடியிலேயே வைத்து மேக்ரோ படமெடுப்பவர்களுக்கு, அதாவது மிக நெருங்கிப் பெரிதாக்கிப் படமெடுப்பவர்களுக்கு, காற்றைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. பொருளின் உருவம் அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும் 1:1 உருப்பெருக்கத்தில், ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவுச் சென்சார் கொண்ட கேமரா பார்க்கும் பரப்பின் அகலம் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர்தான்; காற்றில் இலேசாகத் தலையாட்டும் பூகூட அந்தச் சட்டகத்தை விட்டே வெளியேறிவிடும். பூவைப் பறித்து அறைக்குள் கொண்டுவந்தால், மின்விசிறியை நிறுத்துவதோடு அந்தத் தொல்லை தீர்ந்துவிடுகிறது. ஆனால் வெளியில் தானாகக் கிடைத்த ஒளியையும் பின்னணியையும் இங்கே நாமே உண்டாக்கியாக வேண்டும். நந்தியாவட்டை, செம்பருத்தி, சங்குப்பூ, எருக்கு ஆகிய நான்கையும் ஒரு மேசைமேல் வைத்துப் படமெடுத்துப் பார்த்ததில், பூவுக்கான ஒளியையும் பின்னணிக்கான ஒளியையும் தனித்தனியாகப் பிரித்துக் கையாளத் தொடங்கிய பிறகுதான் படங்கள் நினைத்தபடி வந்தன. அட்டை என்ன நிறம் என்பதைவிட, அதன்மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதே பின்னணியைத் தீர்மானிக்கிறது. இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் அதைப் பற்றியவை.

கருவிகளில் விலை உயர்ந்தது 90 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் ஒன்றுதான். அதனுடன் ட்ரைபாட், கேமராவிலிருந்து கழற்றித் தனியாக வைக்கக்கூடிய ஒரு ஃபிளாஷ், அதை இயக்கும் டிரிகர், சிறிய எல்இடி பேனல் ஒன்று. மற்றவை எல்லாம் ஸ்டேஷனரி கடையிலும் துணிக்கடையிலும் கிடைப்பவை: சாம்பல், கறுப்பு, வெள்ளைச் சார்ட் அட்டைகள், அரை மீட்டர் கறுப்பு வெல்வெட் துணி, டிரேசிங் பேப்பர், தெர்மோகோல் துண்டுகள், சாக்லேட் சுற்றிவரும் அலுமினியத் தாள். பூவைப் பிடித்து நிறுத்த, சாலிடரிங் வேலை செய்பவர்கள் பயன்படுத்தும் முதலைவாய் கிளிப் பொருத்திய சிறு தாங்கி மிகவும் வசதியானது. கிளிப்பின் பற்கள் காம்பை நசுக்காமலிருக்கச் சிறிது ஈரப் பஞ்சைச் சுற்றிக்கொண்டால் பூ வாடுவதும் தள்ளிப்போகும்.

ஒளியைப் பற்றிப் பேசுமுன் அது எவ்வளவு தேவைப்படுகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1:1 அளவுக்கு நெருங்கும்போது லென்ஸில் எஃப்/11 (ஒளி நுழையும் துளையின் அளவு; எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) என்று வைத்தாலும் சென்சாரை வந்தடையும் ஒளி எஃப்/22 வைத்ததற்குச் சமமாகவே இருக்கும். ஒளி பாதியாகக் குறைவதை ஒரு ஸ்டாப் என்பார்கள்; அதாவது இரண்டு ஸ்டாப் ஒளி வழியிலேயே தொலைந்துவிடுகிறது. அப்படியிருந்தும் ஏபிஎஸ்-சி கேமராவில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தொடுவதில்லை. எஃப்/22 வரை மூடினால் ஆழம் கூடும் என்பது உண்மையே என்றாலும், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (விளிம்பு விளைவு) படம் முழுவதும் மெல்லிய திரை போர்த்தியதுபோல் மங்கிவிடும். ஆகவே எஃப்/8 முதல் எஃப்/11 வரைக்குள் நின்றுகொண்டு, சென்சாரின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 100இல் வைத்து, தேவைப்படும் ஒளியை வெளியிலிருந்து கொண்டுவருவதே சரியான வழி.

முதலில் வடக்குப் பார்த்த ஜன்னலின் பகல் வெளிச்சத்தையே பயன்படுத்தினேன். ஜெர்மானியரான கார்ல் பிளாஸ்ஃபெல்ட் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் மொட்டுகளையும் தளிர்களையும் பன்மடங்கு பெரிதாகப் படமெடுத்தபோது அவர் நம்பியிருந்தவையும் பகல் வெளிச்சமும் வெற்று அட்டைகளுமே. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது என்று ஒளிப்பட நூல்கள் சொல்வது ஐரோப்பாவுக்குப் பொருந்தும்; தமிழ்நாட்டில் மே முதல் ஜூலை வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால் அந்த மாதங்களில் நம் வடக்கு ஜன்னல்களிலும் வெயில் எட்டிப்பார்க்கும். அப்போது கம்பிகளுக்கு உட்புறம் டிரேசிங் பேப்பரை ஒட்டிவிட்டால் ஜன்னல் முழுவதுமே ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் ஒரு பெரிய டிஃப்யூசராகிவிடுகிறது. இந்த வெளிச்சத்தின் மென்மைக்கு ஈடில்லை. ஆனால் ஜன்னலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்த பூவுக்கு எஃப்/11இல் இரண்டு விநாடி வரை எக்ஸ்போஷர் தேவைப்பட்டது. அந்த இரண்டு விநாடிக்குள் பக்கத்து அறையில் யாராவது நடந்தால் மேசை அதிர்வது படத்தில் தெரியும். மேகம் கடக்கும்போதெல்லாம் அளவு மாறுவதும் ஒரு தலைவலி. ஒரே படம் போதும் என்றால் ஜன்னல். பூ முழுவதும் கூர்மையாகத் தெரிய, குவியத்தை நகர்த்தி வரிசையாகப் பல படங்கள் எடுத்து ஒன்றிணைக்க வேண்டுமென்றால் செயற்கை ஒளி என்று பிரித்துக்கொண்டேன்.

ஜன்னல் வெளிச்சமும் அறை விளக்கும் ஒருசேரப் பூவின்மேல் விழ விடக்கூடாது. மஞ்சள் நிற பல்பும் நீலச் சாயல் கொண்ட பகல் வெளிச்சமும் சந்திக்கும் வெள்ளை இதழ் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டில் ஒன்றுதான் சரியாகும். இதேபோல் இளம்பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர் அருகில் இருந்தாலும் அந்தப் பச்சை இதழின் நிழற்பகுதியில் ஏறிவிடுகிறது. மேசையைச் சுற்றி வெள்ளைத் தெர்மோகோலை நிறுத்தி வைப்பது சுவரின் நிறத்தைத் தடுக்கும். படமெடுப்பவர் சிவப்புச் சட்டை அணியாமலிருப்பதும் நல்லது.

ஃபிளாஷை நேரடியாகப் பூவின்மேல் அடித்தால் இதழ்களில் வெள்ளைப் புள்ளிகளும் அடியில் கத்தியால் வெட்டியது போன்ற நிழலும் விழும் என்பது பலரும் அறிந்ததே. டிரேசிங் பேப்பரை நடுவில் வைத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். எங்கே வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. ஃபிளாஷின் முகத்திலேயே ஒட்டினால் ஒளி குறையுமே தவிர மென்மையாகாது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தாளைப் பூவிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் நிறுத்தி, அந்தத் தாள் முழுவதும் வெளிச்சம் பரவும்படி ஃபிளாஷை அதற்குப் பின்னால் தள்ளி வைத்தால், பூவின் இடத்திலிருந்து பார்க்கையில் அந்தத் தாள் 90 பாகைக் கோணத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதே தாளை 60 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் அந்தக் கோணம் 28 பாகையாகச் சுருங்கிவிடுகிறது. நிழலின் ஓரம் உடனே கடினமாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மேக்ரோவில் பொருள் சிறிது என்பதால் ஒரு சாதாரணத் தாளே பெரிய ஸ்டுடியோவில் உள்ள சாஃப்ட்பாக்ஸின் வேலையைச் செய்துவிடுகிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு தெர்மோகோல் துண்டை வைத்தால் நிழல் இளகும். அலுமினியத் தாளை வைத்தால் இன்னும் பளிச்சென்று இளகும், ஆனால் இரண்டாவது விளக்கு ஒன்று இருப்பதுபோல் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குத் தெர்மோகோலே பிடித்திருக்கிறது.

ஃபிளாஷின் இன்னொரு நன்மை, அறை வெளிச்சத்தைக் கணக்கிலிருந்தே நீக்கிவிட முடிவது. ஷட்டரை 1/200 விநாடியில், எஃப்/11, ஐஎஸ்ஓ 100 என்று வைத்து ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் அது முழுக் கறுப்பாக வர வேண்டும். அப்படி வந்தால் இனிப் படத்தில் இருக்கப்போகும் ஒளி ஒவ்வொன்றும் நாம் வைத்ததே. முழு ஆற்றலில் 1/16 பங்கில் ஃபிளாஷ் மின்னும் நேரம் பொதுவாக 1/5000 விநாடியைவிடக் குறைவு என்பதால் மேசை அதிர்வைப் பற்றியும் கவலையில்லை. எல்இடி பேனலில் ஒளி விழும் விதத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்பது வசதி. ஆனால் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் மலிவான விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கேற்ப விநாடிக்கு 100 முறை துடிப்பதால், ஷட்டர் வேகம் கூடும்போது படத்தில் கோடுகள் விழும். 1/100, 1/50 அல்லது அதைவிட மெதுவான வேகங்களில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

இனிப் பின்னணிக்கு வருகிறேன். ஒரே சாம்பல் அட்டையைக் கறுப்பாகவும் சாம்பலாகவும் வெள்ளையாகவும் மாற்றிப் பார்த்ததுதான் இந்த முயற்சியிலேயே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. விளக்கு பூவுக்குப் பக்கவாட்டில் 20 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையைப் பூவுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால் நிறுத்தினால் விளக்கிலிருந்து அட்டைக்கு உள்ள தொலைவு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். தொலைவின் வர்க்கத்துக்கேற்ப ஒளி குறையும் என்பதால் பூவின்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் அட்டையைச் சேரும். தன்மேல் விழுவதில் 18 சதவீதத்தை மட்டுமே திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை, அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் 18 சதவீதத்தைத்தான் காட்டும். படத்தில் அது கறுப்புக்கு மிக அருகில் வந்து நிற்கும். அட்டையை 20 சென்டிமீட்டருக்கு நெருக்கிக் கொண்டுவந்தால் அடர்சாம்பல் கிடைக்கும். இனி அதே அட்டைக்கென்று தனியாக ஒரு விளக்கை வைத்து, பூவின்மேல் விழுவதைவிட இரண்டரை ஸ்டாப் கூடுதலான ஒளியை அட்டையின்மேல் பாய்ச்சினால் அது வெண்மையாகவே வந்துவிடும். டிஃப்யூசர் பெரிதாகவும் நெருக்கமாகவும் இருக்கையில் வர்க்கக் கணக்கு துல்லியமாகப் பொருந்தாது என்றாலும், எந்தத் திசையில் நகர்த்தினால் எது நடக்கும் என்பதில் மாற்றமில்லை. வெள்ளை அட்டையைப் பின்னால் வைத்தும் படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறதே என்று கேட்பவர்களுக்கும் விடை இதுதான்: அட்டைக்குத் தனி ஒளி இல்லை.

மையத்திலிருந்து ஓரம்வரை படிப்படியாக இருளும் பின்னணி வேண்டுமென்றால் அட்டைக்கான விளக்கைக் கீழிருந்து சாய்வாக அடித்தால் போதும். கணினியில் பின்னர் சேர்க்கும் சாயலைவிட இது இயல்பாக இருக்கிறது. பின்னணி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் பலருக்குள்ள ஐயம். 90 மில்லிமீட்டர் லென்ஸின் குறுகிய பார்வைக் கோணத்தில் பூவுக்கு 40 சென்டிமீட்டர் பின்னால் லென்ஸ் பார்க்கும் பரப்பு உள்ளங்கை அளவுதான். ஏ4 அட்டை தாராளமாகப் போதும்.

நந்தியாவட்டைக்குக் கறுப்பு வெல்வெட்டை வைத்தேன். கறுப்புச் சார்ட் அட்டையில் மெல்லிய பளபளப்பு உண்டு; சாய்வாக ஒளி பட்டால் அது சாம்பலாகிவிடும். வெல்வெட்டின் நிமிர்ந்த இழைகளுக்குள் புகும் ஒளி வெளியே வருவதில்லை. துணியின்மேல் படிந்த தூசியும் நூல் துணுக்குகளும் மங்கலான புள்ளிகளாகத் தெரியக்கூடும் என்பதால் செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிடுவது நல்லது. கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷர் சட்டகத்தில் நிறைந்திருக்கும் கறுப்பைப் பார்த்துவிட்டு ஒளியைக் கூட்டும். காற்றாடிபோல் முறுக்கிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து இதழ்களும் வெளிறி, அவற்றின் மடிப்புகள் அத்தனையும் மறைந்துபோகும். மேனுவலில் வைத்து, இதழின் மிகப் பிரகாசமான பகுதி, படத்தின் இருள், வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் வலது விளிம்பைத் தொடாமல் சற்று முன்னதாக நிற்கும்படி அமைக்க வேண்டும். ஒளியை முன்னாலிருந்து கொடுத்தால் வெள்ளை இதழ் வெட்டி ஒட்டிய தாள்போல் தட்டையாகத் தெரிகிறது. விளக்கைப் பூவின் மட்டத்துக்கு இறக்கி, இதழின் பரப்பைத் தடவிக்கொண்டு போவதுபோல் பக்கவாட்டிலிருந்து விட்டபோது, இதழின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் மெல்லிய பள்ளங்களும், குழலின் வாயில் உள்ள இளமஞ்சள் சாயலும் தெளிந்து வந்தன.

செம்பருத்தியின் சிக்கல் வேறு வகை. கேமரா நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அலைவரிசைகளாகப் பிரித்துப் பதிகிறது. சிவப்பு இதழில் பச்சை, நீல அலைவரிசைகள் ஏறத்தாழக் காலியாக இருக்க, சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்துவிடும். பொதுவான ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், படத்திலோ நரம்பு எதுவும் தெரியாமல் ஒரு சிவப்புத் திட்டாக இருக்கும். இந்த மூன்றின் (ஆர்ஜிபி) ஹிஸ்டோகிராமைத் தனித்தனியாகக் காட்டும் அமைப்பைத் திறந்து, சிவப்பு வரைபடம் விளிம்பைத் தொடாதபடி எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை குறைத்து, சென்சாரின் தகவலை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாகப் பதிந்துகொண்டால் இது தீரும். கேமராவில் நிறச்செறிவை மிகைப்படுத்தும் அமைப்புகளையும் அணைத்துவிட வேண்டும், ஏனெனில் ஹிஸ்டோகிராம் அவற்றையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

செம்பருத்தி இதழ் மெல்லியது. பின்னாலிருந்து ஒளி விட்டால் நரம்புகள் கிளைகிளையாக எழுந்து நிற்கும். எல்இடி பேனலுக்கு முன்னால் டிரேசிங் பேப்பரை விரித்து, அதையே வெள்ளைப் பின்னணியாகவும் வைத்துக்கொண்டேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஒளிரும் தாள் சட்டகத்தைவிடப் பெரிதாக இருந்தால், படத்தில் இடம்பெறாத பகுதியிலிருந்து வரும் ஒளியும் லென்ஸுக்குள் நுழைந்து உள்ளுக்குள் எதிரொளித்து, படத்தின் கறுப்புகளை எல்லாம் வெளிறச் செய்துவிடும். கறுப்பு அட்டையில் சட்டகத்துக்குச் சற்றே பெரிதான ஒரு சன்னலை வெட்டி, தாளின்மேல் வைத்து மற்ற பகுதிகளை மறைத்தபோது கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான மாறுபாடு உடனே திரும்பியது. சூலகமுடிகள் ஐந்தும் சிவப்புக் குமிழ்களாக நிற்கும் தண்டின் நுனிக்கு முன்னாலிருந்து சிறிது தெர்மோகோல் ஒளி கொடுத்தால்தான் மகரந்தம் மஞ்சளாகத் தெரியும். இல்லாவிட்டால் அது நிழலுருவாகவே நின்றுவிடும்.

தோட்டத்தில் எடுத்தது போன்ற பச்சைப் பின்னணி வேண்டுமென்று நினைப்பவர்கள், வேண்டுமென்றே குவியம் தவறவிட்ட இலைக்கூட்டப் படம் ஒன்றை மேட் தாளில் அச்சிட்டுப் பின்னால் நிறுத்தலாம். பளபளப்பான போட்டோ தாள் கூடாது. விளக்கின் பிரதிபலிப்பு நடுவில் வெள்ளைக் கறையாகத் தெரியும். அச்சிட்ட படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்திருந்தால் பூவின்மேலும் இடப்பக்கத்திலிருந்தே வர வேண்டும். இதைக் கவனிக்காத படங்களில் காரணம் புரியாமலே ஒரு பொய்த்தன்மை தட்டுப்படும். கசக்கி விரித்த அலுமினியத் தாளைத் தூரத்தில் வைத்து டார்ச் அடித்தால் ஒளி வட்டங்கள் கிடைக்கின்றன. ஆனால் எஃப்/11இல் அவை வட்டமாக இல்லாமல் லென்ஸின் துளையைச் சுருக்கும் இதழ்த்தடுப்புகளுக்கேற்பப் பலகோணங்களாக வருகின்றன. டேப்லெட் திரையைப் பின்னணியாக வைப்பவர்களும் உண்டு. ஃபிளாஷுடன் அது ஒத்துவராது, 1/200 விநாடியில் திரையின் வெளிச்சம் பதிவதே இல்லை. என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விடப் பூவின் நிறத்தோடு போட்டியிடாத ஒரு வெற்று அட்டையே மேல்.

சங்குப்பூவில் அது நன்றாகவே தெரிந்தது. அந்தக் கருநீலத்துக்குக் கறுப்பு வெல்வெட்டை வைத்தால் இதழின் ஓரம் இருளோடு கலந்து தொலைந்துவிடுகிறது. சாம்பல் அட்டையை நடுத்தர வெளிச்சத்தில் வைத்தபோதுதான் விளிம்பின் அலைவு முழுவதும் பிரிந்து நின்றது. நிறம் மட்டும் எளிதில் பிடிபடவில்லை. கண்ணுக்கு நீலமாக இருப்பது கேமராவில் ஊதாவாக வரும் பூக்களுள் இதுவும் ஒன்று. வெள்ளை எல்இடி விளக்குகளின் நிறமாலையில் 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒரு உச்சமும், 480 நானோமீட்டரை ஒட்டி ஒரு பள்ளமும் உண்டு. நீலமும் நீலப்பச்சையும் கொண்ட பொருள்களை அவை சற்றுத் திரித்தே காட்டும். ஜன்னல் வெளிச்சத்திலும் ஃபிளாஷிலும் எடுத்தவை பூவின் நிறத்துக்கு நெருங்கி வந்தன. முதல் படத்தில் பூவின் அருகே சாம்பல் அட்டைத் துண்டு ஒன்றை வைத்து எடுத்து, ஒயிட் பேலன்ஸை அதிலிருந்து அமைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஊதாச் சாயலை, பூ இன்னும் வாடாமல் கண்முன் இருக்கும்போதே கணினியில் திருத்தினேன்.

பல படங்களை வெவ்வேறு குவியத்தில் எடுத்து ஹெலிகான் போக்கஸ் போன்ற மென்பொருளில் ஒன்றிணைக்கும்போதும் பின்னணி தலையிடுகிறது. முன்னால் நிற்கும் இதழ் பின்னால் உள்ளதன்மேல் குறுக்கிடும் ஓரங்களில் ஒளிவட்டம் போன்ற பிசிறு தோன்றுவது வழக்கம். வெள்ளை இதழும் கறுப்புப் பின்னணியும் சந்திக்கும் இடத்தில் அது உறுத்தலாகவும், சாம்பல் பின்னணியில் அரிதாகவே கண்ணில் படுவதாகவும் இருந்தது. பூவும் சும்மா இருப்பதில்லை. பறித்த செம்பருத்தியின் இதழ்கள் மெல்லச் சரிந்துகொண்டேயிருப்பதால், வரிசையின் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே நேரம் நீண்டால் ஓரங்கள் இரட்டையாகிவிடும். ஃபிளாஷ் மீண்டும் சார்ஜ் ஆகக் காத்திருக்க வேண்டிய நேரத்தைக் குறைக்க, ஆற்றலை 1/16க்கு மேல் உயர்த்தாமல் விளக்கை நெருக்கிவைப்பதே வழி.

எருக்கம்பூவைக் கையாளும்போது அதன் பால் கண்ணில் பட்டுவிடாமல் கவனமாக இருக்க வேண்டும். காம்பை நறுக்கியதும் ஈரத் துணியால் ஒற்றியெடுத்து, கையையும் கழுவிவிட்டுத்தான் வியூஃபைண்டரில் கண்ணை வைக்க வேண்டும். நடுவில் கிரீடம்போல் எழுந்து நிற்கும் அதன் பகுதியும் தடித்த இதழ்களும் மெழுகு பூசியதுபோல் மினுங்குவதால், எவ்வளவு பெரிய டிஃப்யூசரை வைத்தாலும் அதன் உருவம் வெள்ளைப் பட்டையாகப் பூவின்மேல் படிந்தது. இதற்கு ஃபிளாஷின் முன்னால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் ஃபிலிம் ஒன்றையும், லென்ஸில் சுழலும் போலரைசர் ஃபில்டரையும் பொருத்திப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் நிலையில் மினுமினுப்பு அடியோடு மறைந்து இளஊதா நிறம் அடர்ந்து எழுந்தது. ஆனால் கிரீடத்தின் வளைவுகளைக் கண்ணுக்கு உணர்த்திக்கொண்டிருந்ததும் அந்த மினுமினுப்புத்தான் என்பதால் பூ உயிரற்றுப்போனது. ஃபில்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பி, விளிம்புகளில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு மிஞ்சும் இடத்தில் நிறுத்தினேன். இதில் மூன்று ஸ்டாப் அளவுக்கு ஒளி போய்விடுகிறது. ஃபிளாஷை 1/16இலிருந்து 1/2க்கு உயர்த்த வேண்டியிருந்தது. பின்னணிக்கான விளக்கின் முன்னால் ஃபிலிம் இல்லாததால் அந்த ஒளி லென்ஸின் ஃபில்டரில் மட்டுமே குறைந்தது. ஆனாலும் ஃபிளாஷைப்போல் அதை உயர்த்தாததால் சாம்பல் அட்டை முன்னைவிட மங்கி வந்தது, அதன் விளக்கை அட்டைக்கு இன்னும் நெருக்கிய பிறகே பழைய சாயலுக்குத் திரும்பியது.